ஓட்டுநரின் குறுக்கு வலிக்கு வைத்தியம் சீட்டிலிருந்து தொடங்குகிறது

நாற்பது வயதைத் தாண்டிய லாரி ஓட்டுநரிடம் குறுக்கு வலி உண்டா என்று கேட்டால், "அது இல்லாத டிரைவர் யாரு?" என்றுதான் பதில் வரும். வயசு, உடம்புச் சூடு, வாயு என்று காரணமும் சொல்வார்கள். ஆனால் அதே வயதில் நடந்தும் நின்றும் வேலை பார்ப்பவரைவிட ஓட்டுநருக்கு இடுப்பும் கழுத்தும் அதிகம் பழுதாவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. வண்டியின் அதிர்வு ஒன்று. அசையாமல் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. வண்டியை நிறுத்தி இறங்கிய கையோடு பளு தூக்குவது மூன்றாவது. மூன்றையும் குறைக்க வழி உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் செலவும் அதிகம் இல்லை.

உட்கார்ந்த நிலையில் நம் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும் அதிர்வில்தான் மிக அதிகமாகக் குலுங்கும். மோசமான சாலையில் ஓடும் லாரி, பஸ் சீட்டுகளும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் ஆடுகின்றன. எலும்புகளுக்கு நடுவில் இருக்கும், நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடம்பு அசையும்போது பஞ்சு போல அழுங்கி விரிந்துதான் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. மணிக்கணக்கில் கூன் போட்டு உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோகும். முதுகின் பின்பக்க நார்களும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். இந்த அதிர்வு தொழில் நோய்க்குக் காரணம் என்பதை ஏற்று, ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே அளவு வகுத்துவிட்டது: 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, உடல் அதிர்வு (முடுக்கமாக அளப்பது) 0.5 மீட்டர்/நொடி² தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் ஊரில் அளந்து பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் குறைக்கும் வழிகள் ஒன்றுதான்.

சீட்டைச் சரிசெய்யும் வரிசை

வரிசை முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும் என்பதால் முன்னும் பின்னுமாகச் செய்தால் சரிவராது.

முதலில் பின்பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். பர்ஸும் மடித்த பில் கட்டும் ஒரு பக்க இடுப்பை ஒரு விரல் கனம் தூக்கிவிடும். இடுப்பெலும்பு சாய்ந்தால் முதுகெலும்பு வளைந்துதான் ஈடுகட்டும். போதாக்குறைக்கு, பிட்டத்துக்குள் ஓடும் கால் நரம்பும் அழுந்தும். "வலது கால் மட்டும் மரத்துப்போகுது" என்று வருபவரிடம் பின்பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பது வீண் போகாது.

அடுத்து, பிட்டம் சாய்மானத்தைத் தொடும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். சீட்டின் உயரத்தை, இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். முட்டி மேலே தூக்கிக்கொண்டிருந்தால் கீழ் முதுகு தானாகக் கூன் விழும். பிறகு க்ளட்சைத் தரைவரை அழுத்திப் பார்த்து முன்–பின் தூரத்தை முடிவு செய்யுங்கள். முழுக்க அழுத்திய நிலையிலும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், பிட்டம் சீட்டை விட்டு வழுகக் கூடாது. சீட்டின் முன்விளிம்புக்கும் முட்டியின் பின்பக்கத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல்தான் பலருக்குக் கெண்டைக்கால் வீங்குகிறது.

சாய்மானம் சுவர் போல நேராக நிற்கக் கூடாது. 100 முதல் 110 பாகை, அதாவது செங்குத்திலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் குறையும். அதற்கு மேல் சாய்த்தால் சாலையைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டிவரும்; இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வரும். தோள்பட்டை சாய்மானத்தில் படிந்திருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். உள்ளங்கைதான் எட்டுகிறது என்றால் தூரம் அதிகம்.

இடுப்பு வளைவில் இடைவெளி தெரிந்தால் மட்டும் துண்டை வையுங்கள். குளிக்கும் துண்டை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, பெல்ட் போடும் உயரத்தில் சாய்மானத்தோடு கட்டிவிடுங்கள். சாய்ந்தபின் அது 3–4 சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும். பெரும்பாலானோர் இரண்டு தப்பு செய்கிறார்கள். விலா எலும்பு உயரத்தில் வைக்கிறார்கள், அது முதுகை முன்னால் தள்ளிக் கூனைக் கூட்டும். அல்லது தலையணை கனத்துக்கு வைக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் அதுவே வலிக்கும். துண்டு வைத்ததும் உடம்பு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும் என்பதால் க்ளட்ச் தூரத்தை மறுபடி பாருங்கள்.

கண்ணாடிகளைக் கடைசியில் திருப்புங்கள். நேராக உட்கார்ந்த நிலையில் கண்ணாடியைப் பொருத்திவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்து நீங்கள் சரிந்து உட்காரும்போது பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் பாதிதான் தெரியும். அப்போது நிமிர வேண்டியது நீங்கள்தான், கண்ணாடியைத் திருப்பாதீர்கள்.

நகராத சீட்டுக்கு

வெறும் சேஸியை வாங்கி வந்து உள்ளூரில் கேபின் கட்டிய பழைய லாரிகளில் சீட்டு பலகையோடு அறையப்பட்டிருக்கும். உயரமும் தூரமும் மாறாது. ஒரே வண்டியை உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறி ஓட்டினால் ஒருவருக்கு நிச்சயம் கெடுதல். முன்–பின் நகரும் ரெயில் பொருத்துவது நல்லது. ஆனால் அதைத் தெரிந்த சீட்டு வேலைக்காரரிடம் மட்டுமே கொடுங்கள். பிரேக் போடும்போது கழன்று வரும் சீட்டு, முதுகு வலியைவிடப் பெரிய ஆபத்து.

ரெயிலுக்கு வழியில்லையென்றால் மெத்தையையாவது மாற்றுங்கள். சோதனை எளிது. உட்கார்ந்துகொண்டு பிட்டத்தின் கீழே விரலை நுழைத்துப் பாருங்கள். பலகை தட்டுப்பட்டால் அந்த ஸ்பாஞ்ச் செத்துவிட்டது. கீழே 2 அங்குலம் கெட்டியான ரீபாண்டட் (துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்தது), மேலே 2 அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போது பலகை இடிக்காது. முழுக்க மெத்தென்ற ஃபோம் கேட்டு வாங்காதீர்கள். கடையில் சுகமாக இருக்கும், மூன்றாவது மாதம் பள்ளமாகிவிடும். ரெக்சின் உறைக்கு மேல் பருத்தித் துணி உறை போட்டால் வேர்வையில் வழுகி முன்னால் சரிவது குறையும். மணி கோத்த விரிப்பு காற்றோட்டத்துக்கு உதவும். அதிர்வைத் தடுப்பதற்கு அதில் எதுவும் இல்லை. மெத்தையின் கனம் கூடினால் உயரமும் கூடும், கால் பெடலில் நன்றாக ஊன்றுகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

காற்றில் ஆடும் சஸ்பென்ஷன் சீட்டு இருக்கும் புது வண்டிகளில் பலரும் எடைத் திருகைத் தொடுவதே இல்லை. முந்தின டிரைவர் 95 கிலோ, நீங்கள் 60 கிலோ என்றால் சீட்டு உங்களுக்குக் கட்டை போல நிற்கும். எதிர்மாறாக இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் அடியில் "டப்" என்று மோதும். அந்த மோதல் சாதாரண சீட்டின் குலுக்கலைவிட மோசம். நீங்கள் உட்கார்ந்தபின் சீட்டுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய சம அளவு இடம் இருக்கும்வரை திருகுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், கிரீஸ் காணாமல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு), அந்தப் பட்டையைச் சேஸியோடு இணைக்கும் இடத்தில் தேய்ந்த ஷாக்கிள் புஷ், வெடித்துப்போன கேபின் ரப்பர், அளவுக்கு மேல் அடித்த டயர் காற்று. குலுக்கலைக் கூட்டும் குறைகள் இவை. எல்லாமே வண்டிக்கும் செலவு வைப்பவை என்பதால் முதலாளியிடம் அந்தக் கணக்கிலேயே கேட்கலாம்.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, காலி வண்டி. லோடு இருக்கும்போது பட்டை அழுந்தி வேலை செய்யும். காலியாகத் திரும்பும்போது அதே பட்டை விறைத்து நிற்பதால் லாரி துள்ளும். அப்போதுதான் நாம் வேகத்தையும் கூட்டுகிறோம். முதுகைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்க வேண்டியது காலி ட்ரிப்பில்தான்.

பஸ் ஓட்டுநரின் இடது முட்டி

நகரப் பேருந்தில் ஒரு ஷிஃப்டில் க்ளட்சை நூற்றுக்கணக்கான முறை மிதிக்க வேண்டியிருக்கும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி, படி இறங்கும்போது அதிகம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் விறைப்பு: இது க்ளட்ச் முட்டியின் அடையாளம். சீட்டு பெடலுக்கு மிக அருகில் இருந்து முட்டி அதிகம் மடங்கினால் வலி சீக்கிரம் வரும். சிக்னலில் கியரைப் போட்டுக்கொண்டு க்ளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள். ஓடும்போது காலை பெடல் மேல் தொங்கவிடாமல் பக்கத்தில் தரையில் வையுங்கள். க்ளட்ச் கடினமாக இருப்பதைப் பழகிக்கொள்வது திறமை ஆகாது; தேய்ந்த க்ளட்ச், இறுகிய இணைப்பு, சரியில்லாத ஃப்ரீ ப்ளே (க்ளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) என்று காரணம் இருக்கும். குறைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். வாய்ச்சொல் நிற்காது, எழுதியது நிற்கும்.

முட்டிக்குத் தொடைத் தசைதான் தூண். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 10 நொடி பிடித்து விடுங்கள். காலுக்கு 10 முறை, காலை மாலை. ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆட்டோ: மணிக்கட்டும் அரைச் சீட்டும்

கைப்பிடி கியர் உள்ள ஆட்டோவில் இடது கை ஒன்றே க்ளட்சை அழுத்தவும் கியரைத் திருகவும் வேண்டும். அதனால் இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி வரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் சுரீர் என்றால் அங்கே தசைநாரின் உறை வீங்கியிருக்கக்கூடும். இரவில் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போட்டு, பகலில் துணி சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்தால் ஆரம்ப வலி தணியும். ஆனால் க்ளட்ச் கேபிளைப் பார்க்காமல் இதெல்லாம் செய்து பயனில்லை. உள்ளே இழை பிரிந்த, எண்ணெய் காணாத கேபிள் கையின் வேலையை ஒவ்வொரு அழுத்தத்திலும் கூட்டுகிறது. புதுக் கேபிள், ஊசி போடும் செலவைவிடக் குறைவு.

ஷேர் ஆட்டோவில் ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஆள் ஏற்றும்போது, அவர் அரைப் பிட்டத்தில் இடுப்பை முறுக்கி உட்கார்ந்து ஓட்டுகிறார். முறுக்கும் அதிர்வும் சேர்ந்தால் டிஸ்க்கின் ஒரு பக்க ஓரத்தில் பாரம் குவியும். இதற்கு எந்தத் துண்டும் பயிற்சியும் ஈடாகாது. சட்டமும் அனுமதிக்காத இந்த இரண்டு டிக்கெட்டுக்குக் கொடுக்கும் விலை உங்கள் இடுப்பு.

இறங்கிய முதல் பத்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். நீண்ட நேரம் குலுங்கியபடி உட்கார்ந்த முதுகில் நார்கள் தளர்ந்திருக்கும், தசைகள் களைத்திருக்கும், டிஸ்க்கைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு அப்போது பலவீனம். அந்த நேரத்தில் குனிந்து தார்ப்பாயைச் சுருட்டுவது, கயிறை வெடுக்கென்று இழுப்பது, ஸ்டெப்னியைப் புரட்டுவது என்று இறங்கினால்தான் "சுருக்"கென்று பிடிக்கிறது. மூட்டை கனமாக இருந்ததால் வந்தது என்று நினைக்கிறோம். வண்டி ஓட்டிக் களைக்கும் முன் அதே மூட்டையைத் தூக்கியிருந்தால் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம்.

இறங்குவதிலிருந்தே தொடங்குங்கள். கேபினைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலுமோ இரண்டு காலும் ஒரு கையுமோ எப்போதும் பிடிமானத்தில் இருக்க, படிப்படியாக இறங்குங்கள். வெளியே பார்த்துக் குதித்தால் உடல் எடையைப் போலப் பல மடங்கு குதிங்காலிலும் முட்டியிலும் இடுப்பிலும் விழும். கீழே வந்ததும் கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, கைகளை இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய்ந்து 2 நொடி நின்று நிமிருங்கள். 5 முதல் 10 முறை. பிறகு வண்டியைச் சுற்றி டயர் பார்த்தபடி ஐந்து நிமிடம் நடங்கள். குனிந்து விரலால் பாதத்தைத் தொடும் பயிற்சியை இந்த நேரத்தில் செய்யாதீர்கள். ஏற்கெனவே இழுபட்ட பக்கத்தையே அது மேலும் இழுக்கும்.

அதன் பிறகு கயிறு கட்டலாம். இழுக்கும்போது ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைத்து, உடல் எடையால் பின்னால் சாய்ந்து இழுங்கள். இடுப்பை முறுக்கி இழுக்காதீர்கள். லாரியின் ரிம்மோடு கூடிய சக்கரம் நூறு கிலோவை ஒட்டி வரும், அது தனி ஆள் தூக்கும் பொருள் இல்லை. கம்பியை அடியில் கொடுத்து நெம்பி ஏற்றுங்கள், கிளீனர் இல்லாத வண்டியில் பக்கத்து வண்டி ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓட்டத்தின் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இறங்கி இதே பின்சாய்வையும் நடையையும் செய்யுங்கள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும் என்று வகுத்தது. முதுகுக்கு அந்த ஐந்து மணியே அதிகம். டீக்கடையில் நின்றபடி டீ குடியுங்கள். கழுத்துக்கு, மோவாயை உள்ளே இழுத்துப் பின்தலையைச் சீட்டில் அழுத்தி 5 நொடி, பத்து முறை. இதை வண்டி நின்றிருக்கும் ரெயில்வே கேட்டில் செய்யலாம். வலது முழங்கையை ஜன்னலில் வைத்து ஓட்டும் பழக்கம் தோளைக் காதை நோக்கித் தூக்கிவிடும், வலது கழுத்து மட்டும் இழுப்பவர்கள் ஒரு வாரம் கையை உள்ளே வைத்து ஓட்டிப் பாருங்கள்.

சிறுநீருக்கு இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவோர் அதிகம். அதில் சிறுநீரகக் கல் வந்து, அதையும் குறுக்கு வலி என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறார்கள். கல் வலி விலாவுக்குக் கீழே ஒரு பக்கத்தில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு நோக்கி இறங்கும், அலை அலையாக வரும், எப்படிப் படுத்தாலும் அடங்காது, சிறுநீர் சிவக்கலாம். முதுகுத் தசை வலியோ ஏதாவதொரு நிலையில் படுத்தால் குறையும்.

பிடித்துவிட்டால்

முதல் இரண்டு நாள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுங்கள், அல்லது ஒருக்களித்துக் கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். ஆனால் நாள் முழுக்கப் படுக்காதீர்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து வீட்டுக்குள் நடப்பவர் சீக்கிரம் தேறுகிறார். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் தரலாம். இடுப்புப் பெல்ட்டை வலி கடுமையாக இருக்கும் சில நாள் போடலாம். வருடக்கணக்கில் போட்டால் வலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மாத்திரையில் கவனம் தேவை. மருந்துக் கடையில் "இடுப்பு வலிக்கு" என்று கேட்டால் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளில் பலவற்றில் தசையைத் தளர்த்தும் மருந்து இருக்கும். அவற்றில் சில தூக்கத்தைக் கொண்டுவரும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரையைத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடம்பில் நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகமும் வயிறும் பழுதாகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலியை மறைத்துக்கொண்டு அடுத்த ட்ரிப் போக ஊசி போடும் பழக்கத்தை விடுங்கள்.

வலி காலுக்குள் இறங்குகிறது என்றால் முதுகை மிதிக்கவோ கழுத்தைச் சொடுக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். ஸ்கேனில் "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று வந்ததும் அறுவை சிகிச்சைக்கு ஓடவும் வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அப்படித் தெரிவதுண்டு. கால் வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மருந்தும் இயன்முறைப் பயிற்சியுமாக அடங்கிவிடும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, இரண்டு காலும் வலுவிழப்பது: இதில் எது வந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனை. வால்பகுதி நரம்புகள் நசுங்கும் அந்த நிலையில் தாமதித்தால் நிரந்தர ஊனம் வரலாம். குதிங்காலில் நிற்கச் சொன்னால் ஒரு பாதம் மட்டும் தொங்கினாலும், வலியோடு காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். இடது தோளில் வலியோடு வேர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அதைத் தோள் வலி என்று நினைக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி 108ஐ அழையுங்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளை நாள்காட்டி பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, அவசர பிரேக் போடுவது போலக் காலால் முழு பலத்தோடு அழுத்துங்கள். பின் இரண்டு பக்கமும் உடம்பைத் திருப்பிக் கண்ணாடிக்கு வெளியே பாருங்கள். இரண்டையும் தயங்காமல் செய்ய முடிந்தால் ஓட்டலாம். முதல் வாரம் பகல் ட்ரிப், குறைந்த தூரம், ஒரு மணிக்கு ஒரு இறக்கம். தார்ப்பாயும் கயிறும் அந்த வாரம் வேறொருவர் கையில் இருக்கட்டும்.